தட்டு பழுதா, ஊசி பழுதா? பழைய இசைத்தட்டுகளுக்கு அறிகுறி பார்த்துப் பரிகாரம்

திருகோணமலையில் பழைய இசைத்தட்டுகளை எறியாமல் வைத்திருக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. "தம்பி, இது அப்பாவின்ர தட்டு, இனிப் பாடாது போல" என்று துவாயில் சுற்றிக் கொண்டுவருவார்கள். பெரும்பாலும் தட்டில் பழுது இராது. ஊசி பொருந்தாததாக இருக்கும், உப்புக்காற்று எங்கேயோ ஒரு வயரைத் தின்றிருக்கும், இல்லாவிட்டால் யாரோ அன்பாக எதையோ பூசித் துடைத்திருப்பார்கள். இதே பிழைகளைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதால் அறிகுறி வாரியாக எழுதுகிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், செலவானது கடைசியில். உங்கள் அறிகுறிக்கு நேரே போகலாம், ஆனால் அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் வாசித்துவிட்டுப் போங்கள்.

## எதையும் தொட முன்: கையில் இருப்பது என்ன தட்டு?

பாரமாக, தடிப்பாக, விரல் மொட்டியால் மெல்லத் தட்டினால் ஓடு மாதிரிச் சத்தம் வந்தால் அது அரக்குத் தட்டு. லேபிளில் பெரும்பாலும் 78 என்று இருக்கும், நிமிடத்துக்கு 78 சுற்று என்பது அதன் பொருள். வளைகிறதா என்று சோதிக்காதீர்கள், கையோடு உடைந்துவிடும். மேற்கு நாடுகளில் 1950களோடு ஏறக்குறைய ஓய்ந்துபோன இந்தத் தட்டு இந்தியாவில் 1960களிலும் அச்சாகியது. ஆகவே "அறுபதாம் ஆண்டுகளின் படப்பாட்டு, வினைலாகத்தான் இருக்கும்" என்று ஊகிக்க வேண்டாம்.

மெல்லியதாக, சற்று வளைந்து கொடுப்பதாக இருந்தால் வினைல். 12 அங்குல எல்பி 33⅓ வேகம், 7 அங்குலச் சின்னத் தட்டு அநேகமாக 45.

மூன்றாவது வகை ஒன்று உண்டு. நடுத்துளையின் ஓரத்திலோ விளிம்பிலோ அலுமினியம் தெரிந்தால் அது நேரடியாக வெட்டிய பதிவுத்தட்டு. அதை மேசையில் வைத்துவிட்டுக் கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

இரண்டு விதிகளை மீறவே கூடாது. அரக்குத் தட்டில் ஸ்பிரிட் படக்கூடாது. அரக்கு அல்ககோலில் கரையும், தளபாடத்துக்கு பொலிஷ் அடிப்பவர்கள் அதைக் கரைப்பதே ஸ்பிரிட்டில்தான். பார்மசியில் வாங்கிய சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் ஒருமுறை துடைத்தாலே மினுக்கம் போய், ஒலி பதிந்திருக்கும் வரிகள் மழுங்கிவிடும். அடுத்தது, கைச்சாவி கிராமபோனின் இரும்பு ஊசி வினைலில் படக்கூடாது. அந்த ஊசியின் மேல் 100 கிராமுக்கும் அதிகமான பாரம் உட்கார்ந்திருக்கிறது. இப்போதைய காந்தக் காட்ரிஜ்களில் (காட்ரிஜ் என்பது ஊசியைப் பிடித்திருக்கும் சின்னப் பெட்டி) அது 1.5 முதல் 3 கிராம் வரைதான். ஒரேயொரு தரம் போட்டாலே வினைல் உழுதுபட்டுப் போகும்.

## அறிகுறி: கரகரப்பு, பொரியும் சத்தம்

அரக்குத் தட்டில், முழுக்க ஒரே சீராகச் "ஸ்ஸ்" என்று வருகிறது. அது தட்டின் பிறவிக்குணம். அரக்கோடு கல்தூள் கலந்துதான் செய்தார்கள். ஓரளவு இரைச்சல் இருக்கத்தான் செய்யும், அதற்குப் பரிகாரம் தேடி அலைய வேண்டாம்.

இரைச்சல் பாட்டையே மூடுகிறது. ஊசியைப் பாருங்கள். 78 தட்டின் வரி அகலமானது. அதற்கு ஏறக்குறைய 75 மைக்ரோன் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோன்) முனை ஆரையுள்ள ஊசி வேண்டும். எல்பி ஊசி 18 மைக்ரோன் அளவு. எல்பி ஊசியை 78இல் போட்டால் அது வரியின் சுவர்களைத் தொடாமல் அடியில் கிடக்கும் குப்பையில் உரசிக்கொண்டு போகும். கேட்பவருக்கு "தட்டு தேய்ந்துவிட்டது" என்றே தோன்றும். பழைய கராட், பிஎஸ்ஆர் பிளேயர்கள் பலவற்றில் காட்ரிஜின் முன்னால் ஒரு சின்ன நெம்பு இருக்கும். ஒரு பக்கம் திருப்பினால் எல்பி, மறுபக்கம் 78. அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்காமலே பல வருடம் தட்டைக் குறை சொன்ன வீடுகள் உண்டு. புதிய பிளேயர் என்றால் அந்தக் காட்ரிஜுக்கு 78 ஊசி தனியாகக் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். இருக்கிற செலவுகளில் இதுதான் பலன் கூடியது.

கைச்சாவி கிராமபோன் என்றால் கேள்வி இன்னும் எளிது: இரும்பு ஊசியை எப்போது மாற்றினீர்கள்? ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி. கல்தூள் ஊசியைத் தீட்டித் தட்டையாக்கும், தீட்டப்பட்ட ஊசி அடுத்த பக்கத்தில் வரியைச் சீவும். சிக்கனம் பார்க்கிற இடம் இதுவல்ல.

சத்தம் இடைவிட்டு, ஒழுங்கில்லாமல் பொரிகிறது. அழுக்கு அல்லது பூஞ்சணம். தட்டை ஜன்னல் வெளிச்சத்துக்குச் சரித்துப் பிடியுங்கள். சாம்பல் நிறத்தில் சிலந்தி வலை மாதிரியோ புள்ளி புள்ளியாகவோ தெரிந்தால் பூஞ்சணம். வாடைக்காற்றோடு மழை பிடிக்கும் கார்த்திகை, மார்கழி கழிந்து அலுமாரியைத் திறக்கிற வீடுகளில் இது வழமை. கழுவினால் போகும். வெளியில் வைத்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காய்ந்த தூரிகையால் முதலில் தட்டிவிடுங்கள், பிறகுதான் தண்ணீர்.

கழுவும் முறை இரண்டு வகைத் தட்டுக்கும் அநேகமாக ஒன்றுதான். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். கடலை ஒட்டிய பக்கம் பல கிணறுகளில் உப்பும் சுண்ணாம்பும் கலந்திருக்கும், காய்ந்ததும் அது வரிக்குள்ளேயே படிந்து புதிதாகப் பொரிய வைக்கும். வாகன உதிரிப்பாகக் கடையில் பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர் போத்தலில் கிடைக்கிறது. அசிட் அல்ல, தண்ணீர், வாசித்து வாங்குங்கள். ஒரு லீற்றருக்குப் பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒன்றிரண்டு துளி போதும். லேபிளில் ஈரம் படக்கூடாது. அதைவிடச் சற்றுப் பெரிய பிளாஸ்டிக் மூடி ஒன்றை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்தால் சரி. மென்மையான தூரிகையால் வரி ஓடும் திசையில், வட்டமாக, மெல்லத் தேயுங்கள். குறுக்கே தேய்க்காதீர்கள். பிறகு திரவம் கலக்காத தண்ணீரால் அலசி, பஞ்சு பிரியாத துணியால் ஒற்றி, பாத்திரம் காய வைக்கும் தட்டியில் நிழலில் நிறுத்துங்கள். மின்விசிறி போதும், வெயில் வேண்டாம். அரக்குத் தட்டை ஊற வைக்கக்கூடாது, நனைத்ததும் அலசிக் காய வைத்துவிட வேண்டும். வெடிப்பு உள்ள அரக்குத் தட்டை நனைக்கவே வேண்டாம். பழைய கொலம்பியா தட்டுகள் போன்ற சில, உள்ளே கடதாசி வைத்துப் படை படையாகச் செய்தவை. தண்ணீர் உள்ளே போனால் உப்பிக் கிளம்பும்.

தேங்காய் எண்ணெய் பூசி மினுக்கிய தட்டுகள் வந்தால் இதே கழுவலை இரண்டு மூன்று தரம் செய்ய வேண்டியிருக்கும். பார்க்க வடிவாகத்தான் இருக்கும், ஆனால் எண்ணெய் தூசியைக் கூப்பிட்டு உட்கார வைக்கும்.

கழுவியும், ஊசி சரியாக இருந்தும், உரத்த இடங்களில் மட்டும் கிழிகிறது. வெளிச்சத்தில் அந்த இடம் கறுப்பாக இல்லாமல் நரைத்துத் தெரிந்தால் வரி தேய்ந்துவிட்டது. யாராலும் திருப்பித் தர முடியாது. கொஞ்சம் வேறு அளவு ஊசி போட்டால், வரியின் தேயாத உயரத்தைத் தொட்டு ஓரளவு பாடும். அந்த வேலைக்குப் பல அளவு ஊசிகள் வைத்திருக்கும் பதிவுக்காரரிடம்தான் போக வேண்டும். தட்டு அரிதாக இருந்தால் மட்டும் போங்கள்.

## அறிகுறி: ஒரே இடத்தில் நின்று பாடுகிறது, அல்லது தாண்டுகிறது

முதலில் மேசை. பிளேயரின் மேல் மட்டக்கோல் வையுங்கள். கட்டிட மேசனிடம் இரவல் வாங்கலாம். பாதிப் பேருக்கு இத்தோடு பிரச்சினை முடிந்துவிடும்.

எல்லாத் தட்டும் தாண்டுகிறதா, ஒன்று மட்டுமா? ஒன்று மட்டும் என்றால் அந்த இடத்தை டோர்ச் வெளிச்சத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். காய்ந்துபோன ஏதாவது துளி ஒட்டியிருக்கும். ஈரத் தூரிகையால் ஊறவிட்டு எடுங்கள். நகத்தாலோ குண்டூசியாலோ சுரண்ட வேண்டாம். கீறலே காரணம் என்றால், பாடும்போது பிளேயரின் ஊசிக்கையை விரலால் மிக மெல்ல உள்ளே தள்ளி அந்த இடத்தைக் கடக்க வைத்துக் கேளுங்கள்.

எல்லாத் தட்டும் என்றால் ஊசிப் பாரத்தை அளவுங்கள். நகை நிறுக்கும் சின்ன டிஜிட்டல் தராசு போதும். காட்ரிஜ் தயாரித்தவர் சொன்ன அளவுக்கு வையுங்கள். கையின் தலையில் சில்லறைக் காசு ஒட்டுகிற பழைய வைத்தியம் வேண்டாம். தாண்டல் நிற்கும், ஆனால் தட்டுத் தேயும். பாரம் சரி, இன்னும் நிற்கிறது என்றால் பிளேயரை நிறுத்திவிட்டு ஊசிக்கையைத் தூக்கி விரல் நுனியால் உள்ளேயும் வெளியேயும் அசையுங்கள். காற்றில் மிதப்பது போல வர வேண்டும். நடுவில் ஓரிடத்தில் பிடித்தால் அச்சில் துரு ஏறியிருக்கிறது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலைப் பார்த்த ஜன்னலடியில் வைத்த பிளேயர்களுக்கு இது சாதாரணம். அங்கே எண்ணெய் விட்டால் கொஞ்ச நாள் ஓடும், பிறகு தூசியோடு பசையாகி முந்தியதைவிட மோசமாகும். இந்த வேலையைத் திருத்துபவரிடம் விடுங்கள்.

## அறிகுறி: பாட்டு இழுக்கிறது, வேகம் சரியில்லை

எப்போதும் ஒரே அளவில் மெதுவாக. வேகப் பொத்தானைப் பார்த்துவிட்டு எண்ணிப் பாருங்கள். லேபிளின் ஓரத்தில் ஒரு கடதாசித் துண்டை நீட்டி வைத்து, அது எத்தனை தரம் உங்களைக் கடக்கிறது என்று பாருங்கள். 78 என்றால் ஒரு நிமிடத்தில் 78 சுற்று. எல்பிக்கு மூன்று நிமிடத்தில் சரியாக 100 சுற்று வர வேண்டும்.

எல்பி மூன்று நிமிடத்தில் 83 சுற்றுத்தான் வருகிறதா? அப்படியானால் பிளேயர் கனடாவில் இருந்து வந்தது என்று பார்க்காமலே சொல்லலாம். அங்கே மின்சாரம் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். இறக்கு டிரான்ஸ்போமர் வோல்ட்டை மட்டும்தான் மாற்றும், ஹேர்ட்ஸை மாற்றாது. ஏசி மோட்டர் உள்ள பழைய பிளேயர் ஹேர்ட்ஸைப் பார்த்தே சுற்றுவதால் ஆறில் ஒரு பங்கு மெதுவாகும். சில மொடல்களுக்கு 50 ஹேர்ட்ஸ் கப்பி தனியாக உண்டு, அதைத் தேடி மாட்ட வேண்டும். அடப்டரில் ஓடும் டீசி மோட்டர்ப் பிளேயர்களுக்கு இந்த வில்லங்கம் இல்லை. சித்தப்பா ஸ்காபரோவில் இருந்து அனுப்ப முன் பின்பக்கச் சிட்டையைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள், பார்சல் செலவு மிஞ்சும்.

கரண்ட் இல்லாத நேரம் மட்டும் இழுக்கிறது. சின்ன ஜெனரேற்றரின் ஹேர்ட்ஸ் ஏறி இறங்கும், அதோடு பாட்டும் ஏறி இறங்கும். கரண்ட் வரட்டும்.

ஒரு சுற்றுக்கு ஒரு தரம் சுருதி அசைகிறது. நாதஸ்வரம் நீட்டி ஊதும் இடத்தில் இது உடனே காதில் படும். தட்டு வளைந்திருக்கலாம், அல்லது நடுத்துளை மையத்தில் இல்லை. பக்கவாட்டில் குனிந்து ஊசிக்கையைப் பாருங்கள்: மேலும் கீழும் ஆடினால் வளைவு, இடமும் வலமும் ஆடினால் துளை. வேறு தட்டில் வராவிட்டால் பிளேயரில் பிழையே இல்லை.

ஒழுங்கில்லாமல் இழுக்கிறது. பெல்ட் பிளேயர் என்றால் பெல்ட் இளகியிருக்கும், மாற்றுங்கள். பழைய கராட் போன்றவற்றில் மோட்டருக்கும் தட்டத்துக்கும் நடுவில் ஒரு இறப்பர்ச் சில்லு இருக்கும். அது இறுகிப்போயோ, பல காலம் ஓடாமல் நின்று ஓரிடத்தில் அமுங்கிப்போயோ இருக்கும். அமுங்கியது என்றால் "தொப் தொப்" என்றும் கேட்கும். இறப்பரையும் அது தொடும் விளிம்பையும் துடைத்துப் பாருங்கள். துடைத்தும் வழுக்கினால் புது இறப்பர் போட வேண்டும்.

கைச்சாவி கிராமபோன் பாட்டின் நடுவில் சோர்கிறது. முழுதாகச் சாவி கொடுத்தும் 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கம், அதாவது மூன்று நிமிடமளவு, ஓடி முடிக்கவில்லை என்றால் உள்ளே கிறீஸ் காய்ந்துவிட்டது. வேகக் கட்டுப்பாட்டுக் குண்டுகளுக்கும் அச்சுகளுக்கும் தையல் மெஷின் எண்ணெய் ஒவ்வொரு துளி விட்டுப் பாருங்கள். அதோடு நிறுத்துங்கள். உள்ளே இருந்து "டமார்" என்று அடித்துக் குதிக்கிற சத்தம் வந்தால் சுருள்வில் பெட்டி வேலை. அந்தப் பெட்டியை வீட்டில் திறக்கவே கூடாது. முறுக்கிய வில் வெளியே பாய்ந்தால் கை விரலை வெட்டும்.

## அறிகுறி: ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் சத்தம், அல்லது சத்தமே இல்லை

இந்த ஊரில் அதிகம் பார்ப்பது இதைத்தான். அம்பிளிபயரை நிறுத்திவிட்டு, ஊசிக்கையின் தலையைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். காட்ரிஜின் பின்னால் நான்கு முள்ளு, அவற்றில் முடியளவு வயர் நான்கு: வெள்ளை, நீலம், சிவப்பு, பச்சை. ஒவ்வொரு வயரின் நுனியிலும் ஒரு சின்னக் கிளிப். அந்தக் கிளிப்பின் கழுத்தில் பச்சையாகவோ வெள்ளையாகவோ மா மாதிரி ஏதாவது பூத்திருக்கிறதா? உப்புக்காற்றின் வேலை அது. ஊசிமூக்குக் குறட்டால் கிளிப்பைப் பிடித்து, வயரை இழுக்காமல், கிளிப்பை மட்டும் நேராக உருவுங்கள். முள்ளைப் பென்சில் அழிறப்பரால் மெல்ல உரசி, தூள் போகத் துடைத்து, திரும்ப மாட்டுங்கள். தலையும் கையும் சேரும் இடத்து நான்கு புள்ளிகளுக்கும் இதே வைத்தியம்.

இன்னும் வரவில்லை என்றால் இடத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வெள்ளையும் நீலமும் இடப் பக்கம், சிவப்பும் பச்சையும் வலப் பக்கம். வெள்ளை இருந்த முள்ளில் சிவப்பையும், நீலம் இருந்த முள்ளில் பச்சையையும் மாற்றி மாட்டுங்கள்.

- ஊமைப் பக்கம் மறு ஸ்பீக்கருக்கு மாறினால்: காட்ரிஜ் பழுது. முதலில் ஊசியை மட்டும் மாற்றிப் பார்த்துவிட்டுக் காட்ரிஜை வாங்குங்கள்.
- அதே ஸ்பீக்கரே ஊமையாக இருந்தால்: கைக்குள் ஓடும் வயர், பின்னால் போகும் கேபிள், அல்லது அம்பிளிபயர். கேபிளை மாற்றிப் பாருங்கள், அதுதான் மலிவு. கைக்குள் வயர் போட அனுபவக் கை வேண்டும்.

இரண்டு பக்கமும் வருகிறது, ஆனால் மெல்லியதாக, அடித்தொனி இல்லாமல் வருகிறதென்றால் எதுவும் பழுதில்லை. காந்தக் காட்ரிஜை நேரே ஓக்ஸ் துளையில் செருகியிருக்கிறீர்கள். போனோ என்று எழுதிய துளை வேண்டும், இல்லையென்றால் நடுவில் ஒரு போனோ பிறிஅம்ப், அதாவது காட்ரிஜின் மெல்லிய சிக்னலைக் கூட்டிக்கொடுக்கும் சின்னப் பெட்டி, வேண்டும். பழைய செரமிக் காட்ரிஜைப் போனோவில் செருகினால் இதற்கு எதிர்மாறாக உறுமித் தள்ளும்.

## அறிகுறி: "ம்ம்ம்" என்ற உறுமல்

பிளேயரின் பின்னால் இருந்து தொங்கும் மெல்லிய தனி வயரை அம்பிளிபயரின் ஏர்த் திருகில் மாட்டினீர்களா? மாட்டியும் உறுமினால் பிளேயரை அம்பிளிபயரிலும் டிரான்ஸ்போமரிலும் இருந்து ஒரு அடி இரண்டடி தள்ளி வையுங்கள், சிக்னல் கேபிளையும் கரண்ட் வயரையும் ஒன்றாகக் கட்டாதீர்கள். அநேகமாக இத்தோடு அடங்கும்.

வால்வு போட்ட பழைய ரேடியோகிராம் உறுமினால் இந்த வேலைகளில் ஒன்றையும் செய்யாதீர்கள். செருகியைக் கழற்றிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். உள்ளே கொண்டென்சர் உலர்ந்திருக்கும். சிலவற்றின் இரும்புச் சட்டமே 230 வோல்ட்டோடு நேரடித் தொடர்பில் இருக்கும். நிறுத்திய பிறகும் கொண்டென்சர் கரண்டைப் பிடித்து வைத்திருக்கும்.

## அறிகுறி: கைச்சாவி கிராமபோனில் பாட்டோடு சேர்ந்து தகரம் அதிர்கிறது

ஊசித் திருகு இறுக்கமா என்று பாருங்கள். பிறகு ஊசியைப் பிடித்திருக்கும் வட்டமான சவுண்ட் பொக்ஸ். அதற்குள் இருக்கும் மெல்லிய தகட்டைச் சுற்றிப் பிடித்திருக்கும் இறப்பர் வளையம் கல்லாகிப் போயிருக்கும். எச்எம்வி 102 போன்ற கைப்பெட்டிக் கிராமபோன்களுக்கு வளையம் வாங்கலாம், ஆனால் மாற்றுவது நுணுக்கமான வேலை. பொக்ஸின் உலோகத்தில் மயிர்க்கோடு வெடிப்பு இருந்தால் திருகைத் தொடாதீர்கள், அந்தக் கலவை உலோகம் காலத்தால் பொருக்காகி நொறுங்கும்.

## அறிகுறி: தட்டு வளைந்திருக்கிறது

வினைல் என்றால் இரண்டு தடித்த கண்ணாடிகளுக்கு நடுவில் சுத்தமாக வைத்து, மேலே பாரம் ஏற்றிச் சில கிழமை விடுங்கள். இலேசான வளைவு குறையும். கச்சான் காற்றுக் காலத்து வெயிலில் வைத்துச் சூடாக்கிச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். பூட்டிய காருக்குள் மதிய வெயிலில் மறந்து வைத்த தட்டை ஒருமுறை பார்த்தவர் அந்த யோசனை சொல்ல மாட்டார். அரக்குத் தட்டை அழுத்தினால் உடையும். ஊசி தாண்டாமல் போகிறதென்றால் வளைவோடே கேளுங்கள்.

வளையாமல் இருக்க: நிமிர்த்தி, நெருக்கமாக, சரியாமல் அடுக்குங்கள். ஒன்றன்மேல் ஒன்று கிடத்தாதீர்கள். வெளிச் சுவரில் ஒட்டிய அலுமாரி வேண்டாம், மழைக்கு அந்தச் சுவர் ஈரம் குடிக்கும். பொலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டுவதும் வேண்டாம், ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சணம் பிடிக்கும். பழைய கடதாசி உறையில் பூஞ்சணம் இருந்தால் உறையை மாற்றுங்கள், அல்லது கழுவியதற்குப் பலனில்லை.

## அறிகுறி: ஒழுங்கான "டிக், டிக்", அல்லது துண்டாக உடைந்தது

ஒழுங்காக வந்தால் தட்டின் ஓரிடத்தில் வெடிப்போ கீறலோ. 78இல் ஒரு செக்கனுக்கும் குறைவான இடைவெளியில் வரும், எல்பியில் ஏறக்குறைய இரண்டு செக்கனுக்கு ஒருமுறை. அரக்குத் தட்டில் விளிம்பில் இருந்து உள்ளே ஓடும் மயிர்க்கோடு வெடிப்பா? அதைப் பாடவிடுவதே வெடிப்பை வளர்க்கும். ஒருமுறை மட்டும், ஒலிப்பதிவுக் கருவியை ஓடவிட்டுக்கொண்டு, இலகுவான கை உள்ள பிளேயரில் போட்டுப் பதிந்துவிட்டு எடுத்து வையுங்கள். கிராமபோனில் போட வேண்டாம்.

உடைந்துவிட்டதென்றால் ஒட்டாதீர்கள், செலோடேப்பும் வேண்டாம். துண்டுகள் ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனிக் கடதாசியில் சுற்றி, தட்டையாக வையுங்கள். விளிம்புகள் தேயாமல் இருந்தால் பொருத்திப் பதிவு எடுக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

## அறிகுறி: அலுமினியம் தெரியும் தட்டு, மேலே வெள்ளைப் படலம்

இது கடையில் விற்ற தட்டல்ல. வானொலிக்காகவோ வீட்டுக் குரலுக்காகவோ ஒரேயொரு பிரதியாக வெட்டியது. லேபிள் கையால் எழுதியதாக இருக்கலாம். உலோகத்தின் மேல் பூசிய மென்மையான படையில்தான் ஒலி இருக்கிறது. அந்தப் படையில் இருந்து கசிந்து வரும் கொழுப்பமிலம்தான் பார்க்கப் பூஞ்சணம் மாதிரி வெண்மையாகப் பூக்கும். தண்ணீர், ஸ்பிரிட், துணி ஒன்றும் வேண்டாம். படை வெடித்து உரியத் தொடங்கியிருந்தால் ஊசி போகிற போக்கில் செதில் செதிலாகக் கிளப்பிவிடும். "ஒருக்கா போட்டுப் பாப்பமே" என்று மனது சொல்லும், போட வேண்டாம். நிமிர்த்தி, குளிர்ச்சியான உலர்ந்த இடத்தில் வைத்துவிட்டு, இந்த வகைத் தட்டைக் கையாண்ட ஒலி ஆவணப்படுத்துநர் ஒருவரைத் தேடுங்கள். பேசும்போது மூன்று விஷயம் சொல்லுங்கள்: தட்டின் விட்டம், வெள்ளைப் படலம் மட்டுமா அல்லது வெடிப்பும் உண்டா, லேபிளில் இருக்கும் எழுத்து. லேபிளைப் படம் எடுத்து அனுப்பினால் இன்னும் நல்லது.